ரவுண்ட்ஸ் நேரத்தில் குழந்தையின் தாயை ஏன் வெளியே அனுப்புகிறார்கள்?

கேள்வி: அக்டோபர் 6, மாலை

ஆறு வயது மகள் டெங்குக் காய்ச்சலுடன் குழந்தைகள் வார்டில் இருக்கிறாள். இரவு முழுவதும் என் மனைவிதான் பக்கத்தில் இருக்கிறார். காலையில் பெரிய டாக்டர் வரும்போது உடனிருப்பவர்கள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிடுகிறார்கள். அவர் போன பிறகு உள்ளே வந்தால், என்ன முடிவானது என்று சொல்ல ஆளில்லை. எல்லா இடத்திலும் இதுதான் முறையா? உள்ளே நிற்கிறோம் என்று நாங்கள் கேட்கலாமா?

அக்டோபர் 6, இரவு 9.40

கேளுங்கள். நாளைக் காலைக்குள் கேளுங்கள். ரவுண்ட்ஸ் தொடங்கிய பிறகு கேட்டால் யாருக்கும் காது கேட்காது. ஏழு மணிக்கு முன்பே பணியிலிருக்கும் டாக்டரிடமோ வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடமோ, "ரவுண்ட்ஸ் வரும்போது குழந்தையின் அம்மா மட்டும் கட்டிலருகே நிற்கட்டும்" என்று சொல்லுங்கள். ஒருவர் மட்டும் என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வெளியே அனுப்புவது எந்தச் சட்டத்திலும் இல்லை, பழக்கத்தில்தான் இருக்கிறது.

கொங்குப் பகுதியில் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து என்னை உறுத்துகிற விஷயம் இது. இரவில் குழந்தைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, வாந்தியைத் துடைப்பது, டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்ததைக் கவனித்து எங்களை எழுப்புவது, கஞ்சி எத்தனை கரண்டி போயிற்று என்று பார்ப்பது, எல்லாம் அம்மாக்கள்தான் செய்கிறார்கள். இரவுப் பணிக்கு வார்டு முழுவதற்கும் ஓரிருவர்தான் இருப்போம். அம்மாக்கள் இல்லாவிட்டால் அந்த வார்டு ஓர் இரவுகூட ஓடாது. அவ்வளவையும் செய்தவரைத்தான், முடிவெடுக்கிற அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் வராந்தாவில் நிறுத்துகிறோம்.

உங்கள் மனைவி நாளை சொல்ல வேண்டியவை: மகள் கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள், அது எவ்வளவு இருந்தது. நேற்றிரவிலிருந்து எத்தனை முறை வாந்தி. என்ன குடித்தாள். வயிறு வலிக்கிறது என்றாளா. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா, இல்லை சோர்ந்தே கிடக்கிறாளா. ஈறிலோ மூக்கிலோ ரத்தம் தெரிந்ததா. இவற்றை ஒரு தாளில் நேரத்தோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிற நேரம்.

அக்டோபர் 7, மதியம்

கேட்டவர் எழுதியிருக்கிறார்: அனுமதி கிடைத்தது, மனைவி உள்ளே நின்றார், ஆனால் ஒன்றும் பேசவில்லை. டாக்டர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். யாரும் அவரைக் கேட்கவில்லை. எழுதி வைத்த தாள் கையிலேயே இருந்தது.

மகள் நன்றாக இருக்கிறாள் என்பது மகிழ்ச்சி. அந்தத் தாள் கையிலேயே இருந்துவிட்டதைப் பற்றி இரவு எழுதுகிறேன்.

அக்டோபர் 7, இரவு 10.15

கட்டிலருகே நிற்க விடுவது பாதி வேலைதான். யார் முதலில் பேசுகிறார் என்பதில்தான் மீதி இருக்கிறது.

எங்கள் வார்டுகளில் நடப்பது இப்படி. பயிற்சி மருத்துவர் கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டு படபடவென்று ஒப்பிப்பார். பட்டமேற்படிப்பு மாணவர் இடையில் ஒரு கேள்விக்கு மாட்டிக்கொள்வார். பெரிய டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, சார்ட்டைப் பார்த்து, இரண்டு உத்தரவு சொல்வார். அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். ஒப்பித்த அந்தக் கதையில் பாதி, நேற்று மாலை அதே அம்மாவிடம் கேட்டு எழுதியது. இரவில் நடந்தது அதில் இருக்காது. இருக்க வழியும் இல்லை.

அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனை இதை மாற்றிக் காட்டிய இடங்களில் முக்கியமானது. அறைக்கு வெளியே நின்று பேசிவிட்டு உள்ளே போய் நாலு வார்த்தை சொல்வதை விட்டுவிட்டு, முழு விவாதத்தையும் குழந்தையின் கட்டிலருகே, பெற்றோர் முன்னிலையில் நடத்தினார்கள். 2003-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, குடும்பத்தார் இருக்கும்போது குழந்தையின் அறையிலேயே ரவுண்ட்ஸ் நடப்பது வழக்கமான நடைமுறையாக வேண்டும் என்று தன் கொள்கை அறிக்கையில் எழுதியது. 2007-ல் சின்சினாட்டிக்காரர்கள் தங்கள் அனுபவத்தைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அதன் பிறகு வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'ஐ-பாஸ்' என்று ஒரு முறை. ஒரு டாக்டர் பணி முடிந்து இன்னொருவரிடம் நோயாளியை ஒப்படைக்கும்போது எதுவும் விட்டுப்போகாமல் இருக்க, ஐந்து படிகளில் சொல்வது: நோய் எவ்வளவு தீவிரம், இதுவரை என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும், நிலைமை மாறினால் என்ன செய்வது, கடைசியாகக் கேட்டவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது. முதலில் இது டாக்டர்களுக்குள் மட்டும் இருந்தது. பிறகு ரவுண்ட்ஸில் பெற்றோரையும் சேர்த்து நடத்திப் பார்த்தார்கள். பெற்றோரின் கவலையைக் கேட்டுத்தான் பேச்சு தொடங்கும். மருத்துவச் சொற்களைக் குறைத்துப் பேசுவார்கள். செவிலியரும் தன் பங்குக்குச் சொல்வார். முடிவில் அம்மாவோ அப்பாவோ இன்றைய திட்டத்தைத் திருப்பிச் சொல்வார். எழுத்திலும் ஒரு சுருக்கம் கையில் கிடைக்கும்.

ஏழு மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். பிழைகளால் குழந்தைகளுக்கு ஏற்பட்ட பாதிப்புகள் 38 சதவீதம் குறைந்தன.

நாளை உங்கள் மனைவி, டாக்டர் கட்டிலுக்கு வந்தவுடன், யாரும் வாய் திறக்கும் முன், "சார், இரவு நடந்ததை எழுதி வைத்திருக்கிறேன், சொல்லலாமா?" என்று கேட்கட்டும். மாட்டேன் என்று சொல்கிற குழந்தை மருத்துவரை நான் இதுவரை பார்த்ததில்லை. கேட்கிற அம்மாக்களைத்தான் குறைவாகப் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 8

சொன்னாராம். அதிகாலை நான்கு மணியிலிருந்து சிறுநீர் போகவில்லை என்று சொன்னவுடன் டாக்டர் நின்று, சார்ட்டைத் திருப்பி, உடனே ரத்தத்தின் அடர்த்தியைப் பார்க்கும் பி.சி.வி. பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொல்லி, டிரிப்ஸ் அளவை மாற்றினாராம்.

உடனிருப்பவர்கள் டெங்குவில் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தெருவில் பார்ப்பவர்களும் அதைத்தான் கேட்பார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை நீர்க் கசிவு. அதற்கு இந்த அம்மா கையிலிருந்த தாள்தான் பதில்.

அக்டோபர் 9

ஒருவர் என் குறிப்பைப் பகிர்ந்து "பெற்றோர் இருந்தால் மருத்துவப் பிழைகள் 38 சதவீதம் குறைகின்றன" என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை, திருத்திவிடுங்கள். அந்த ஆய்வில் மொத்தப் பிழைகளின் எண்ணிக்கை மாறவில்லை. குழந்தைக்குத் தீங்கு செய்த பிழைகள்தான் குறைந்தன. எனக்கு இதில் வியப்பில்லை. பிழை எங்கும் நடக்கும். மருந்து எழுதுகிற கையிலிருந்து குழந்தையின் உடம்புக்கு அது போய்ச் சேர்வதற்குள், "இது நேற்றுக் கொடுத்ததாயிற்றே" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் அது அங்கேயே நிற்கும்.

இன்னொன்று. பெற்றோர் வெறுமனே நின்றதால் கிடைத்த பலன் அல்ல அது. பேச்சின் வரிசை, செவிலியரின் பங்கு, திருப்பிச் சொல்வது, எழுத்துச் சுருக்கம் எல்லாம் சேர்ந்த பலன். ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு அந்த எண்ணைச் சொல்லக் கூடாது.

அக்டோபர் 10

ஒரு பட்டமேற்படிப்பு மாணவர் நீளமாக, கோபமாகவே எழுதியிருக்கிறார். "நாற்பது கட்டில். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு வெளிநோயாளிப் பிரிவுக்கு ஓட வேண்டும். ஒவ்வோர் அம்மாவும் ஐந்து நிமிடம் பேசினால் யார் கணக்குச் சொல்வது? அம்மா முன்னால் எங்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டு அவமானப்படுத்தினால் நாளை அவர் எங்களை நம்புவாரா?"

அவருடைய சிரமம் எனக்குத் தெரியும். முப்பத்தாறு மணி நேரம் தூங்காமல் வார்டில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்குத் தேநீர் வாங்கி வரச் சொல்வதும் நான்தான்.

நேரம் பற்றி: சின்சினாட்டியில் ரவுண்ட்ஸ் கொஞ்சம் நீண்டது, பகலில் பிறகு மிச்சமானது என்றுதான் எழுதினார்கள். 2018 ஆய்வில் ரவுண்ட்ஸ் நேரம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஆனால் அங்கே ஒரு குழுவிடம் இருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வேறு, இங்கே வேறு. அதனால் அந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க நான் தயாரில்லை. நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். ரவுண்ட்ஸ் முடிந்ததும் தொடங்குகிற அந்த வரிசையை நினைத்துப் பாருங்கள். "சிஸ்டர், டாக்டர் என்ன சொன்னார்?" "இன்றைக்கு டிஸ்சார்ஜா?" "ஸ்கேன் எதற்கு?" ஒவ்வொருவராக வருவார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததற்கு உங்களைத் தேடுவேன், நீங்கள் வெளிநோயாளிப் பிரிவில் இருப்பீர்கள். மாலை வரை அது ஓயாது. அந்த நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

நாற்பது கட்டிலிலும் ஐந்து நிமிடம் என்று யார் சொன்னது? நாளை வீட்டுக்குப் போகிற குழந்தைக்கு ஒரு நிமிடம் போதும். நேற்றிரவு வந்த குழந்தை, நிலைமை மாறிக்கொண்டிருக்கிற குழந்தை, நாள்பட்ட நோயுள்ள குழந்தை, இவர்களிடம் தொடங்குங்கள்.

அவமானம் பற்றி: உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பாடத்தைக் கட்டிலருகே நடத்தலாம், விசாரணையை நடத்தக் கூடாது. அது பெரிய டாக்டர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது. அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு உங்களைத் திட்டுவதும் அதற்கு வழியல்ல.

அக்டோபர் 12

பாராசிட்டமால் பாட்டிலை ரவுண்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். இதை எல்லா அம்மாக்களிடமும் சொல்கிறேன்.

"ஐந்து மில்லி கொடுத்தேன்" என்பார்கள். எந்த ஐந்து மில்லி? கடையில் கிடைக்கிற சிரப்பில் ஒரு வகையில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்னொரு வகையில் 250. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, முதல் வகை சிரப்பில் ஆறு மில்லி, இரண்டாவது வகையில் மூன்று மில்லி. சொட்டு மருந்திலிருந்து ஐந்து மில்லி கொடுத்திருந்தால் குழந்தைக்கு 500 மில்லிகிராம் போயிருக்கும், மூன்று மடங்குக்கும் மேல். கேஸ் ஷீட்டில் இரண்டும் "பாராசிட்டமால் 5 மி.லி." என்றுதான் இருக்கும்.

பாட்டில் கட்டிலருகே இருந்தால், அம்மா பேசும்போதே டாக்டர் அதை எடுத்துப் பார்த்துவிடுவார். நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச் சாறு, பாட்டி கொடுத்த கஷாயம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கேட்டவுடன் திட்டாதீர்கள். ஒரு முறை திட்டு வாங்கிய அம்மா அடுத்த முறை எதையும் சொல்ல மாட்டார்.

அக்டோபர் 13

"குடும்பம் என்றால் யார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. எங்கள் ஊரில் மிகவும் சிக்கலானதும் இதுதான்.

கட்டிலருகே ஒருவரை அனுமதித்தால் யார் வந்து நிற்பார் தெரியுமா? பெரும்பாலும் அப்பாவின் அம்மா. அல்லது பெரியப்பா. ஊரில் நாலு பேரைத் தெரிந்தவர், டாக்டரிடம் தயங்காமல் பேசுவார். அவர் சொல்வதில் அக்கறை இருக்கும், தகவல் இருக்காது. நேற்று மாலை ஆறு மணிக்கு வந்தவருக்கு இரவு இரண்டு மணிக்குக் குழந்தை எப்படி இழுத்து இழுத்து மூச்சுவிட்டது என்று தெரியாது. தெரிந்தவள் சுவரோரம் நிற்கிறாள், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். மாமியார் பேசும்போது குறுக்கே பேசிப் பழக்கமில்லாதவள்.

ஒரு நாள் ஓர் அப்பத்தா, "ராத்திரி நன்றாகத் தூங்கினான்" என்று டாக்டரிடம் உறுதியாகச் சொன்னார். சுவரோரம் நின்ற அந்தப் பெண் தலையை மட்டும் இலேசாக அசைத்தாள். நான் பார்த்துவிட்டேன். "கண்ணு, நீ சொல்லு. ராத்திரி நீதானே முழித்திருந்தாய்?" என்றேன். குழந்தை தூங்கவில்லை, மூன்று முறை கண் மேலே செருகியது, அது கனவு என்று நினைத்தாளாம். வலிப்பு. அன்று மதியமே மூளை அலைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

அப்பத்தா பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த வரைக்கும் அவன் தூங்கினான். அதனால் நான் சொல்வது இதுதான்: குடும்பத்தில் யார் பேச வேண்டும் என்பதை வயது முடிவு செய்யக் கூடாது. இரவு விழித்திருந்தவர் முதலில் பேசட்டும். சித்தியானாலும் சரி, அத்தையானாலும் சரி. பெரியவர்கள் பிறகு கேள்வி கேட்கட்டும். இதை மரியாதையாக நடத்திக்கொடுக்க ஒரு செவிலியரால்தான் முடியும், ஏனென்றால் இரவில் யார் விழித்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும்.

அக்டோபர் 13, மீண்டும்

அப்பாக்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறார்கள். எங்கள் வார்டில் இரவில் ஆண்களுக்கு அனுமதியில்லை. மற்ற அம்மாக்கள் பாலூட்டுகிறார்கள், தரையில் படுத்திருக்கிறார்கள், அது நியாயமான விதி. ஆனால் காலை ரவுண்ட்ஸில் அப்பா நிற்பதற்கு அது தடையாக வேண்டியதில்லை. மருந்து வாங்குபவர், கையெழுத்துப் போடுபவர், வீட்டில் முடிவு சொல்பவர் பல இடங்களில் அவர்தான். பாதித் தகவலை வைத்துக்கொண்டு அவர் முடிவெடுக்கக் கூடாது.

அக்டோபர் 16

கொஞ்சம் பழைய கதை. மேல்நாட்டில் எல்லாம் முதலிலிருந்தே சரியாக இருந்தது என்று நினைப்பவர்களுக்காக.

பிரிட்டனில் 1950-கள் வரை பல மருத்துவமனைகளில் குழந்தையைச் சேர்த்துவிட்டுப் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் பார்க்க விடுவார்கள். தாய் வந்துபோனால் குழந்தை அழுகிறது, கிருமி வருகிறது என்று காரணம் சொன்னார்கள். ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற மருத்துவர் 1920-களிலேயே நியூகாசிலில் குழந்தையுடன் தாயையும் தங்க வைத்தார். அதைப் பின்பற்றியவர்கள் குறைவு. 1959-ல் அரசு அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை வந்து, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு குழந்தைகளுடன் தாய் தங்க வசதி வேண்டும் என்று சொன்ன பிறகும், பல வார்டுகளில் அது நடைமுறைக்கு வரப் பெற்றோர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

அவர்கள் தாயை வார்டுக்குள் கொண்டுவரப் போராடினார்கள். நம்மிடம் தாய் எப்போதும் வார்டுக்குள்தான் இருந்தார். அந்த ஐம்பது வருடப் போராட்டம் நமக்குத் தேவைப்படவே இல்லை. கையிலிருந்த இந்த வசதியை நாம் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

முழுக்கப் பயன்படுத்தவில்லை என்றும் சொல்ல முடியாது. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குள் தாய்மாரை அனுமதித்து, கை கழுவுவது முதல் குழாய் வழியாகப் பால் கொடுப்பது வரை கற்றுக்கொடுத்தார்கள். அந்த அனுபவத்தின் மேல்தான் 2017-ல் மத்திய சுகாதார அமைச்சகம் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அது பராமரிப்பில் பங்கு. முடிவெடுக்கும் பேச்சிலும் பங்கு வேண்டும் என்கிறேன்.

அக்டோபர் 17

நெஃப்ராடிக் குழந்தைகளின் அம்மாக்களைப் பாருங்கள். சிறுநீரில் புரதம் போய் முகமும் காலும் வீங்குகிற நோய். காலையில் எழுந்ததும் குழந்தையின் சிறுநீரைச் சோதனைப் பட்டையில் பார்த்தோ சூடாக்கிப் பார்த்தோ, புரதம் எத்தனை பிளஸ் அளவு இருக்கிறது என்று நோட்டில் எழுதுவார்கள். பக்கத்துப் பத்தியில் ஸ்டீராய்டு மாத்திரை அளவு, அதற்கடுத்து சளி காய்ச்சல் ஏதாவது. மூன்று பிளஸ் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு படித்த அம்மா வைத்திருக்கிற நோட்டை ஒரு பேராசிரியர் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்து மருந்தளவை முடிவு செய்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கட்டிலில் மட்டும் ரவுண்ட்ஸ் எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடக்கும். அம்மா பேசுவார், டாக்டர் கேட்பார், மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். யாரும் அவரை வெளியே போகச் சொன்னதில்லை.

அக்டோபர் 21

அக்டோபர் 7-ல் எழுதியதை இப்போது கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும். எல்லாக் கட்டிலிலும் எல்லாவற்றையும் உரக்கப் பேசலாம் என்று அதிலிருந்து யாராவது எடுத்துக்கொண்டால் அது ஆபத்து.

பொது வார்டில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டடி. இங்கே பேசுவது அங்கே கேட்கும். எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தை, புற்றுநோய் என்று சந்தேகிக்கப்படுகிற குழந்தை, அடி வாங்கிய தழும்புகளோடு வந்த குழந்தை, இவர்களைப் பற்றிய பேச்சு தனியறையில்தான். பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண்ணிடம் அம்மா இல்லாமல் தனியாகவும் சில கேள்விகள் கேட்க வேண்டும். விஷயம் தெரியாத உறவினர் நிற்கும்போது நாங்கள் வாயே திறக்கக் கூடாது.

சில அம்மாக்கள் நிற்க விரும்புவதில்லை. அதுவும் அவர்கள் உரிமை. ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளையின் தாய் ஒருவர் என்னிடம், "நான் வெளியே நிற்கிறேன் சிஸ்டர், பத்துப் பேர் முன்னால் எனக்கு அழ முடியாது" என்றார். அதனால்தான் சேர்க்கும்போதே ஒவ்வொரு குடும்பத்திடமும் எப்படி வேண்டும் என்று கேட்டுவிட வேண்டும். சின்சினாட்டியிலும் குடும்பத்தைத்தான் தேர்ந்தெடுக்க விட்டார்கள்.

"சந்தேகத்தை எல்லாம் முன்னால் பேசினால் பயந்துவிடுவார்கள்" என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாக டாக்டர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய் நினைத்துக்கொள்வது எப்போதும் அதைவிட மோசமானது.

அக்டோபர் 22

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு செவிலியர் கேட்கிறார்: ஒடியாவும் இந்தியும் மட்டும் தெரிந்த தாய்மாரை என்ன செய்வது? பனியன் கம்பெனிகளுக்கு வந்த குடும்பங்கள்.

எங்கள் வார்டிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மருத்துவமனைக் குழந்தைகளிடம் நடத்திய ஓர் ஆய்வில், ஆங்கிலத்தில் பேசச் சிரமப்பட்ட பெற்றோரின் குழந்தைகளுக்குத் தீங்கான நிகழ்வுகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தன. 2020-ல் வெளிவந்தது. ஊர்தான் வேறு, அந்தத் தாயின் நிலை இங்கேயும் அதேதான். நாங்கள் இப்போது செய்வது: கம்பெனி விடுதியிலிருந்து இரு மொழியும் தெரிந்த ஒருவரின் கைப்பேசி எண்ணை முன்பே வாங்கி, ரவுண்ட்ஸ் நேரத்தில் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுகிறோம். எட்டு வயது அண்ணனை வைத்துத் தம்பியின் நோயைச் சொல்ல வைப்பதை நிறுத்திவிட்டோம். ஒரு குழந்தை சுமக்கக் கூடாத செய்தி அது.

அவர்களும் திட்டத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஹாங், ஹாங்" என்று தலையாட்டினால் புரிந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

அக்டோபர் 28

டெங்கு மகள் வீட்டுக்குப் போய்ப் பல நாள் ஆகிறது என்று அப்பா எழுதியிருக்கிறார். பள்ளிக்கும் போகிறாளாம். நல்லது.

நவம்பர் 3

கடைசியாக வந்த கேள்வி: "ரவுண்ட்ஸ் முடிந்துவிட்டது. இரவு பதினொரு மணி. குழந்தை மோசமாகிறது என்று அம்மாவுக்குத் தோன்றுகிறது, யாரும் கேட்கவில்லை. என்ன செய்வது?"

ரவுண்ட்ஸ் எவ்வளவு நன்றாக நடந்தாலும் ஒரு நாளில் ஒரு முறைதான். லண்டனில் 2021-ல் மார்த்தா மில்ஸ் என்ற பதின்மூன்று வயதுப் பெண் சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு மருத்துவமனையில் இருந்தபோது, ரத்தத்தில் தொற்று பரவி இறந்தாள். பெற்றோர் தங்கள் கவலையைச் சொல்லியிருந்தார்கள். முன்பே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணை அதிகாரி சொன்னார். அவளுடைய தாய் மெரோப் மில்ஸ் விடாமல் எழுதியும் பேசியும் வந்ததன் பலன், 2024 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் 'மார்த்தா விதி' நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. குழந்தையின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்துக்குத் தோன்றினால், எந்த நேரமும் வேறொரு குழுவை நேரடியாக அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007-ல் இறந்த ரயன் என்ற சிறுவனின் பெயரில் 2013-லிருந்தே இப்படி ஒரு விதி இருக்கிறது.

நம்மிடம் அப்படியொரு எண் சுவரில் ஒட்டியிருப்பதை நான் பார்த்ததில்லை. வர வேண்டும் என்று எங்கள் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை இப்படிச் செய்யுங்கள். முதலில் பணியிலிருக்கும் செவிலியரிடம், "என்னவோ போல் இருக்கிறான்" என்று மட்டும் சொல்லாமல், என்ன மாறியது, எப்போதிலிருந்து என்று சொல்லுங்கள்: "எட்டு மணிக்குப் பேசினான், இப்போது கூப்பிட்டால் கண் திறக்கவில்லை." நாடியையும் மூச்சையும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வேறொரு கட்டிலில் மாட்டிக்கொண்டிருந்தால் பணி டாக்டரின் அறைக்கே போங்கள். அரசு மருத்துவமனையானால் இரவில் பொறுப்பிலிருக்கும் மருத்துவ அதிகாரி ஒருவர் இருப்பார், அவசரப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். தனியார் மருத்துவமனையானால் இரவு மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். குழந்தையிடம் ஒருவரை விட்டுவிட்டுப் போங்கள். யாரும் இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டில் அம்மாவை அனுப்புங்கள், நீங்கள் நகராதீர்கள். எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். காலை ரவுண்ட்ஸில் அதை முதலில் படியுங்கள்.